கேள்வி பதினான்கு

ஈசூனில் இரவு ஏழு மணிக்கு மேல்தான்
கதவுகள் திறக்கும்.
ஒன்பதாம் மாடி, கடைசிக்கு முந்திய வீடு.
செருப்பு அலமாரிமேல் யாருக்கும் சொந்தமில்லாத பூனை.
கம்பிக் கதவுக்கு அப்பால் தெய்வானை,
கையெல்லாம் வெங்காய வாசம்.

நான் கணக்கெடுக்க வந்தவன். பகுதிநேரம்.
வீட்டுக்குப் பன்னிரண்டு வெள்ளி.

"உள்ள வாங்க, ஃபேனுக்கு அடியில உக்காருங்க."

பதின்மூன்று கேள்விகள் வழுக்கிக்கொண்டு போயின,
எத்தனை பேர், எத்தனை அறை, என்ன மொழி.
பதினான்கில் கால் இடறியது.

வீட்டில் உள்ள சொந்தக் கணினிகள் எத்தனை?
அடியில் பொடி எழுத்தில்:
கைக்கணினி, கைப்பேசி நீங்கலாக.

இதை நான் வாசித்தது
ஒரு கைக்கணினியில்.

அவள் சிரிக்கவில்லை. எண்ணத் தொடங்கினாள்.

சாப்பாட்டு மேசையில் இருப்பது
சேகரனுடைய கம்பெனி மடிக்கணினி,
மூடியில் ஒட்டிய சொத்து எண்ணோடு.
வேலையை விட்டால் மறுநாளே
ஆள் வந்து வாங்கிப் போவான்.
"கணினிதான். ஆனா சொந்தமில்ல. எழுதுவீங்களா?"

பிரகதிக்குப் பள்ளிக்கூடம் வாங்கச் சொன்னது ஒன்று.
காசு இவர்களுடையது.
ராத்திரி பதினோரு மணிக்கு அது தானே கண்மூடிக்கொள்ளும்,
யாரோ எங்கிருந்தோ சொல்லிவைத்தபடி.
"சொந்தம்தான். நம்ம பேச்சு கேக்காது."
விசைப்பலகையைக் கழற்றினால் கைக்கணினி,
மாட்டினால் கணினி.
பிரகதி எனக்காக மாட்டிக் காட்டினாள்,
கழற்றிக் காட்டினாள், திரும்ப மாட்டினாள்.
டக். டக். டக்.
என் விடை
ஒன்று, சுழியம், ஒன்று.

படுக்கையறை மூலையில் ஒரு மேசைக் கணினி.
ஆறு வருடமாக உயிர் வரவில்லை.
அதன் தலைமேல் இஸ்திரி போடவேண்டிய துணி.
விதிப்படி அதற்கு
என் கட்டத்தில் இடம் உண்டு.

பிறகு நைட்டிப் பையிலிருந்து
கைப்பேசியை எடுத்தாள், ஓரத்தில் விரிசலோடு.
மின்கட்டணம் அதில். பிரகதியின் எம்சி அதில்.
ஞாயிறுதோறும் நாற்பது வீட்டுக்குப் போகும் முறுக்கின்
வரவும் செலவும் அதில்.
ஒற்றைக் கட்டைவிரலால்
அவளே போட்ட சூத்திரம் ஒன்று,
மாவு விலை ஏறினால் கட்டம் தானாகச் சிவக்கும்.
கீழே இன்னொரு தாள், சின்னச் சேமிப்பு,
சேகரனுக்குத் தெரியாது.
"அத எழுதாதீங்க."

எழுதவில்லை.

"கணக்குப் போடுறதுதானே கணினி?
அப்ப இது என்னவாம்?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை எடுத்துவிட்டேன்.
திரையின் அளவு, இயங்குதளம்,
விரும்பிய மென்பொருளை ஏற்றிக்கொள்ளும் உரிமை...
கம்பெனி மடிக்கணினியில்
சேகரனுக்கு அந்த உரிமை இல்லை என்பது
பாதி வாக்கியத்தில் உறைத்தது.
மீதியை விழுங்கினேன்.

சொந்தக்காரர் என்றால் நம் மொழியில்
காசு கொடுத்தவரும் உண்டு,
கல்யாணத்துக்கு வந்து நிற்பவரும் உண்டு.
படிவத்தை மொழிபெயர்த்தவர்
எந்தச் சொந்தத்தை நினைத்தாரோ.
எது தொலைந்தால் அழுவீர்கள் என்று
கேட்டிருந்தால்
தெய்வானைக்கு யோசிக்க வேண்டியிருக்காது.

என் கருவி அப்போது
நான்கு விழுக்காடு என்று முனகியது.
சோபாவுக்குப் பின்னால் கைவிட்டுத்
தன் கைப்பேசியின் கம்பியை இழுத்துக் கொடுத்தாள்.
பொருந்தியது.

கட்டத்தில் இரண்டு என்று போட்டேன்.
செத்த ஒன்று, பிறத்தியாருடையது ஒன்று.
பிரகதியுடையதை விட்டுவிட்டேன்,
அந்த நேரம் அது கழன்ற நிலையில் இருந்தது.
அவள் எட்டிப் பார்த்தாள்.
"ம்" என்றாள், கடைக்காரர் பாக்கி தரும்போது
சரிபார்க்காமல் வாங்கிக்கொள்வதுபோல்.

கேள்வி பதினைந்து.
வீட்டில் தொலைக்காட்சிகள் எத்தனை?

விரிசல் விழுந்த திரையைத் துடைத்துக்கொண்டே
மறுபடி முதலிலிருந்து
எண்ண ஆரம்பித்தாள்.